கத்தோ கியோமசா: கோட்டை கட்டினாரா, ஊர் கட்டினாரா?

கேள்வி, 2024 மே 11

கத்தோ கியோமசாவை எங்கே பார்த்தாலும் ஜப்பானின் 'குமாமோட்டோ ஊரை உண்டாக்கியவர்' என்று எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அவர் ஒரு சாமுராய்த் தளபதி. ஈட்டியால் புலியைக் குத்தினார் என்று ஒரு கதை, கொரியப் போர், ஒரு பெரிய கோட்டை. அவ்வளவுதான். கோட்டை கட்டினால் ஊர் தானாகச் சுற்றி வளரும், அதற்கு எதற்குத் தனிப் பெருமை? 2016 நிலநடுக்கத்தில் அவர் கட்டிய சுவர் மட்டும் விழவில்லை என்றும் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

2024 மே 11, இரவு

மூன்று வருடமாகக் குமாமோட்டோவில் இருக்கிறேன். வடிகால் வடிவமைப்பு என் வேலை. அதனால் கோட்டையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன்.

ஊர் தானாக வளரும் என்பது இந்த இடத்துக்குப் பொருந்தாது. கியோமசா வந்தபோது இங்கே ஊர் வளரத் தோதான தரையே குறைவு. ஷிராகாவா ஆறு இன்றைய நகராட்சிக் கட்டடம் இருக்கிற பக்கம் வரை வளைந்து வந்து, கோட்டைக் குன்றின் அடியை உரசிவிட்டுத் திரும்பிப் போனது. ட்சுபோய் என்ற சின்ன ஆறும் அங்கேயே வந்து சேர்ந்தது. மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் அந்த வளைவின் கழுத்தை வெட்டி ஷிராகாவாவை நேராக ஓடவிட்டார். ட்சுபோயைப் பிரித்து, கோட்டைக்கு உள் அகழி போல ஓட்டினார். நேராக்கிய ஷிராகாவா வெளி அகழி ஆயிற்று. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த தரைதான் இன்றைக்குக் கடைத்தெருவும் அலுவலகங்களும் நிற்கிற நகர மையம். கீழே போய் இரண்டும் மறுபடி கலந்துவிடாமல் நடுவே கல் கரை ஒன்று போட்டார்கள். இஷிதோமோ என்று பெயர். ட்சுபோயில் வெள்ளம் தணிந்ததால் கடல் பக்கத்திலிருந்து படகுகள் சரக்கோடு ஊருக்குள்ளேயே வர முடிந்தது.

அதாவது முதலில் ஆறு, பிறகு தரை, பிறகு தெரு.

கொஞ்சம் பின்கதை. கியோமசா 1562-இல் ஓவாரி நாட்டு நாகமுராவில் பிறந்தவர். இன்றைய நகோயா நகரத்துக்குள் இருக்கிற இடம். பின்னால் ஜப்பானையே ஆண்ட தொயோதோமி ஹிதேயோஷியும் அதே ஊர், உறவும் கூட. சின்ன வயதிலேயே ஹிதேயோஷியிடம் சேர்ந்து, 1583-இல் ஷிஸுகதாகே சண்டையில் பெயர் வாங்கினார். ஹிகோ நாட்டை, அதாவது இன்றைய குமாமோட்டோ பகுதியை, முதலில் சாஸ்ஸா நாரிமாசாவிடம் கொடுத்தார்கள். உள்ளூர்த் தலைவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், அவரால் சமாளிக்க முடியவில்லை, அவரை வயிற்றைக் கிழித்துச் சாகச் சொல்லிவிட்டார்கள். அந்த நாற்காலியில்தான் 1588-இல் கியோமசா வந்து உட்கார்ந்தார், 26 வயதில். கிடைத்தது வடபாதி, 1,95,000 கொகு. ஒரு கொகு என்றால் ஓர் ஆளின் ஒரு வருட அரிசி. தென்பாதி கோனிஷி யுகினாகாவுக்கு. ஹிதேயோஷிக்குப் பிறகு யார் ஆள்வது என்று 1600-இல் நடந்த சண்டையில் கியோமசா டோகுகாவா இயேயாசு பக்கம் நின்றார், கோனிஷி எதிர்ப்பக்கம் நின்று தோற்றுத் தலை இழந்தார். அதன் பிறகு ஹிகோவின் பெரும்பகுதி இவர் கைக்கு வந்தது, ஐந்து லட்சம் கொகுவுக்கு மேல். 1601-இல் இன்றைய கோட்டைக்கு வேலை தொடங்கினார், 1607-இல் முடித்தார்.

2024 மே 12

நேற்று விட்டுப்போனது. ஷிராகாவா மேல் சோரோகுபாஷி என்று ஒரு பாலம் இருக்கிறது. ஜப்பானின் பழைய ஆண்டுக்கணக்கில் கெய்சோ ஆண்டு ஆறில் கட்டியது, கெய்சோவின் 'சோ', ஆறுக்கு 'ரோகு', சேர்த்து அந்தப் பெயர். கெய்சோ ஆறு என்றால் 1601. கோட்டை தொடங்கின அதே வருடம் பாலமும். இன்று நிற்பது புதிய பாலம்தான், பெயர் மட்டும் அப்படியே. எதிரி எளிதில் வரக் கூடாது என்று எடோ காலத்தில் (1603-1868) பெரும்பகுதி கோட்டையடி ஊருக்கு ஷிராகாவாவைக் கடக்க இந்த ஒரே பாலம்தான். அந்தப் பக்கத்து ஜனங்கள் ஒரு காய்கறி வாங்க எவ்வளவு சுற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

2024 மே 18

சுவர் விஷயம். 'கியோமசா சுவர் மட்டும் விழவில்லை' என்பது இங்கே பலரும் ஆசையோடு சொல்வது. அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

2016 ஏப்ரல் 14 இரவு 6.5 அளவில் ஒன்று, 16 விடியற்காலை 7.3 அளவில் இன்னொன்று. கோட்டையின் கல் சுவர்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 79,000 சதுர மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு சரிந்தது. வயிறு தள்ளியது, பிதுங்கியது எல்லாம் சேர்த்து, பிரித்து மறுபடி அடுக்க வேண்டியது பத்தில் மூன்று பங்கு. இது சின்னக் கணக்கு இல்லை.

ஆனால் சரிந்தது எங்கே என்று பார்க்க வேண்டும். 1889-இலும் குமாமோட்டோவில் நிலநடுக்கம் வந்தது. அப்போது கோட்டை ராணுவத்தின் கையில் இருந்தது, அவர்கள்தான் சரிசெய்தார்கள். 2016-இல் சரிந்த இடங்களில் பெரும்பாலானவை 1889-இல் சேதமான இடங்களோடு ஒத்துப்போகின்றன. அதனால் 'பழையது நின்றது, பின்னால் ஒட்டுப்போட்டது விழுந்தது' என்று ஓரளவு சொல்லலாம். ஓரளவுதான். அதே இடம் இரண்டு தடவையும் விழுந்தது என்றால் அங்கே மண்ணிலேயே கோளாறு இருக்கலாம். அந்த மண்ணின்மேல் சுவர் வைக்க இடம் குறித்தது கியோமசாவின் ஆட்கள்தானே.

இய்தாமாரு என்ற ஐந்தடுக்குக் காவல் கட்டடம் மூலைக்கல் ஒரே வரிசையின்மேல் நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கல் கொட்டிப்போய், மூலை மட்டும் தூண் மாதிரி நின்றது. அந்த மூலை எப்படி நின்றது என்று சக பொறியாளர்களோடு பேசாத வாரம் கிடையாது.

2024 மே 19

சுவரின் வளைவைப் பற்றி ஒருவர் தனிச் செய்தியில் கேட்டார். இங்கேயே எழுதுகிறேன்.

அடியில் சாய்வு மெதுவாக இருக்கும், ஓடி ஏறிவிடலாம் போல. நாலு எட்டு வைத்ததும் நிமிர ஆரம்பிக்கும். மேலே போகப் போக செங்குத்து. முஷா காயேஷி என்பார்கள், வீரனைத் திருப்பி அனுப்புவது. எதிரிக்காகச் செய்தது என்று சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். என் தொழில் கண்ணுக்கு முதலில் தெரிவது வேறு. குன்று முழுக்க அசோ எரிமலை துப்பிய சாம்பலும் கல்லும் இறுகிய தரை. மேலே பாரம் ஏற்றினால் அடி விரிந்துகொடுக்க வேண்டும். அடியை அகலமாகப் பரப்பியிருப்பதில் பாதி தரைக்காக, பாதி எதிரிக்காக.

ஒரே இடத்தில் இரண்டு சுவர் ஒட்டி நிற்கிற ஒரு மூலை இருக்கிறது. பின்னால் இருக்கிற பழையது சாய்வானது, முன்னால் பிற்பாடு சேர்த்தது செங்குத்தானது. பழையதில் மூலைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்று வெறுமே அடுக்கியிருக்கிறார்கள். பிந்தியதில் நீளமான கல்லை ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று பின்னியிருக்கிறார்கள். கொத்தனார்கள் கற்றுக்கொண்டே போனது அந்த மூலையில் தெரிகிறது. போனால் அரை மணி நேரம் அங்கே நில்லுங்கள்.

2024 ஜூன் 2

இன்று மறுபடி ஹானாகுரி பார்த்துவிட்டு வந்தேன். இந்த இழையில் ஒரே ஒரு குறிப்பைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நகரத்துக்குக் கிழக்கே கிகுயோ. அங்கே 1608-இல் ஷிராகாவாவிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டினார்கள், பாபாகுசு இதே என்று பெயர். வழியில் ஒரு பாறை மேடு குறுக்கே வந்தது. பாறையைக் குடைந்து ஆழமாக இறக்க வேண்டியதாயிற்று. இங்கேதான் சிக்கல். ஷிராகாவா தண்ணீரில் யோனா இருக்கும். யோனா என்றால் அசோவின் எரிமலைச் சாம்பல், பொடிமணல் மாதிரி. தண்ணீர் மெதுவானால் அடியில் படியும். சாதாரண வாய்க்கால் என்றால் வருடத்துக்கு ஒருமுறை ஆட்கள் இறங்கித் தூர் வாரிக் கரையில் கொட்டுவார்கள். இவ்வளவு ஆழத்தில் இறங்கி, வாரிய சேற்றை மேலே எப்படித் தூக்குவது?

அவர்கள் செய்தது இதுதான். கால்வாயைக் குடையும்போதே சில மீட்டருக்கு ஒரு தடவை, பாறையைக் குறுக்குச் சுவராக வெட்டாமல் விட்டார்கள். அந்தச் சுவரின் அடியில் மட்டும் ஆள் உயரத்துக்கு ஒரு துளை. ஒரு சுவரில் துளை இடது பக்கம் என்றால் அடுத்ததில் வலது பக்கம். தண்ணீர் சுவரில் முட்டி, அடித்துளையில் நெருக்கியடித்து நுழையும்போது வேகம் பிடிக்கிறது, வெளியே வந்ததும் சுழல்கிறது. அந்தச் சுழலில் யோனா கிளம்பி, அடுத்த துளைக்குள் போய்விடுகிறது. இப்படியே கடைசிவரை. தூர் வார ஆள் இறங்க வேண்டாம், தண்ணீரே வாரிக்கொண்டு போகிறது.

ஹானாகுரி என்றால் மாட்டின் மூக்கில் கயிறு கோப்பதற்குக் குத்துகிற துளை. மூக்கணாங்கயிறு கட்டின எந்த ஊர்க்காரனுக்கும் அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

முதலில் 80 அளவுக்கு இருந்தன. இன்றைக்கு 24. மற்றவை என்ன ஆயின என்றால், பின்னால் வந்த ஓர் அதிகாரி, தண்ணீரை இந்தச் சுவரெல்லாம் தடுக்கிறதே என்று உடைக்கச் சொன்னார் என்றும், உடைத்ததும் மண் அடைத்துக்கொண்டது என்றும் அங்கே சொல்கிறார்கள். ஓட்டத்தைத் தடுக்கிற மாதிரித் தெரிவதுதான் ஓட்டத்தைக் காப்பாற்றுகிறது. இந்த ஒரு விஷயத்தைக் கல்லூரியில் நான்கு வருடம் படித்ததைவிட அந்தப் பாறைக்குமேல் நின்று கீழே பார்த்த பத்து நிமிடத்தில் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

இன்று மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கலாக இருந்தது. கரையில் ஒரு பையன் செருப்பை உள்ளே விட்டுவிட்டு, எந்தத் துளையில் வெளியே வரும் என்று ஒவ்வொன்றாக ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா, 'சேய்ஷோகோ சான் திருப்பித் தருவார், நில்லு' என்றார். சேய்ஷோகோ சான் என்பது இங்கே கியோமசாவைச் செல்லமாகச் சொல்கிற பெயர்.

2024 ஜூன் 3

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'அவர்கள் செய்தது' என்று எழுதியிருக்கிறேன், நல்லது. மற்றக் குறிப்புகளில் 'அவர் வெட்டினார்', 'அவர் போட்டார்' என்றே வருகிறது. பாறை குடைந்தது விவசாயிகளும் கல்தச்சர்களும். கூலி கொடுத்தார், அறுவடை இல்லாத காலத்தில்தான் வேலை வாங்கினார் என்று ஊரில் நல்ல கதைகள் உண்டு. ஆனால் அதற்கு முன்பு, 1592 முதல் ஆறேழு வருடம், கொரியப் போருக்கு ஆளும் அரிசியும் சுரண்டப்பட்டதும் இதே விவசாயிகளிடமிருந்துதான். 1592-இல் கியோமசா கடல் கடந்திருந்தபோது உமெகிதா என்பவர் கிளர்ச்சி செய்து ஹிகோவின் சாஷிகி கோட்டையையே பிடித்துக்கொண்டார். போர் வேண்டாம் என்று நினைத்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள்.

2024 ஜூன் 16

போரைத் தொட்டுவிட்டேன், முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கியோமசாவைப் புகழ்ந்து எழுத உட்காரும்போதெல்லாம் இங்கேதான் கை நிற்கிறது.

ஹிதேயோஷி 1592-இல் கொரியாமேல் படை அனுப்பினார். முன்னே போன தளபதிகளில் கியோமசா ஒருவர். வடக்கு எல்லைவரை போய் கொரிய இளவரசர்கள் இருவரைச் சிறைபிடித்தார். 1597-இல் மறுபடி படையெடுப்பு. அந்தத் தடவை ஜப்பானியப் படைகள் கொன்றவர்களின் மூக்கை அறுத்து உப்பில் போட்டு அனுப்பின, எண்ணிக் கணக்கு காட்டுவதற்காக. கியோட்டோவில் அதைப் புதைத்த மேடு இன்றும் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். புல் முளைத்த ஒரு மேடு, பக்கத்தில் ஒரு குழந்தைகள் பூங்கா. ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

அந்த வருடக் கடைசியில் கொரியாவின் உல்சான். பாதி கட்டின கோட்டைக்குள் கியோமசாவின் ஆட்களை மிங் சீனப் படையும் கொரியப் படையும் சேர்ந்து முற்றுகையிட்டன. கடுங்குளிர். உள்ளே கிணறு கிடையாது, அரிசி கிடையாது. இரண்டு வாரத்துக்கும் குறைவுதான், ஆனால் குதிரையைத் தின்றார்கள், காகிதத்தைத் தின்றார்கள், சுவர் மண்ணைச் சுரண்டித் தின்றார்கள், மூத்திரம் குடித்தார்கள். படையோடு போன கெய்நென் என்ற துறவி இதையும், ஆட்களைக் கழுத்தில் கயிறு கட்டி விலைக்கு ஓட்டிப்போனதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

குமாமோட்டோ கோட்டையில் 120 கிணறு தோண்டியதாகக் கணக்கு. உல்சான் தாகம் மறக்காமல்தான் இத்தனை கிணறு, பாயில் வைக்கோலுக்குப் பதில் சேம்பந்தண்டை வைத்ததும், சுவருக்குள் உலர்த்திய சுரைக்காய்ப் பட்டையைச் சொருகியதும், முற்றத்தில் கிங்கோ மரம் நட்டதும் முற்றுகையில் தின்பதற்காக என்று சொல்வார்கள். முதல் வருடம் இதைக் கேட்டு மெய்சிலிர்த்தேன். இப்போது கிணற்றை மட்டும்தான் உறுதியாகச் சொல்வேன், கிணறு கண்ணெதிரே இருக்கிறது. மற்றவை ஊர் வாய்வழிச் சொல்வது. குன்றின்மேல் கோட்டை கட்டுகிற எவரும் கிணறு தோண்டத்தான் செய்வார்கள், சரி. ஆனால் 120 என்பது பயந்தவர் தோண்டிய எண்ணிக்கை. அது என் எண்ணம்.

அப்புறம் இன்னொன்று. டிராமில் வேலைக்குப் போகும் வழியில் 'உருசான்மாச்சி' என்று ஒரு நிறுத்தம் வரும். உல்சான் தெரு. போரில் கொண்டுவரப்பட்ட கொரியர்கள் குடியிருந்த இடம் என்பது பெயரின் காரணம். கோட்டைக் கூரையில் ஓர ஓடுகளின் முகம் கீழ்நோக்கித் தொங்குகிற வடிவம் இருக்கும், அது கொரிய ஓட்டு வேலை. ஊரை உண்டாக்கியவர்கள் பட்டியலில் அவர்களையும் சேர்க்க வேண்டும், விருப்பப்பட்டு வந்தவர்கள் இல்லை என்பதையும் சேர்த்து. கொரியாவிலிருந்து வந்து கியோமசாவிடம் வேலை பார்த்த கிம் ஹ்வான் என்பவர், 1611-இல் கியோமசா இறந்ததும் தானும் உயிரை விட்டார். ஹோன்ம்யோஜி கோயிலில் கியோமசா சமாதிக்குப் பக்கத்தில் அவர் கல்லறை. அந்த மனிதர் மனதில் என்ன இருந்தது என்று கல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

2024 ஜூன் 17

ஒருவர் கேட்டார், 'கோனிஷி கிறித்துவர், கியோமசா பௌத்தர், அதனால் சண்டை என்பது சரியா?' சண்டைக்கு நிலமும் கொரியாவில் யார் முந்துவது என்ற போட்டியுமே போதும். ஆனால் மதம் பிற்பாடு ரத்தமாக வந்தது. கோனிஷியின் நிலம் கைக்கு வந்தபிறகு, நிச்சிரென் பௌத்தத்துக்கு மாற மறுத்த கிறித்துவ சாமுராய்களை 1603-இல் கொன்றார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களையும் ஏழு வயதுப் பையன் ஒருவனையும் யாட்சுஷிரோவில் சிலுவையில் ஏற்றினார்கள். இது கியோமசா ஆட்சியில் நடந்தது. இதைச் சொல்லாமல் ஊரை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2024 ஜூன் 26

இன்று தேதி ஜூன் 26. குமாமோட்டோவில் வயதானவர்களுக்கு இந்தத் தேதி போதும். 1953-இல் இதே நாள் ஷிராகாவா ஊருக்குள் வந்தது. ஆற்றுப் படுகை முழுக்கச் சேர்த்து 400-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தண்ணீர் வடிந்தபிறகும் யோனா சேறு வீட்டுக்குள் ஆளுயரம். என் வீட்டுக்கார அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. வாரங்கணக்கில் எல்லோரும் மண்வெட்டியும் கையுமாகவே இருந்தார்கள் என்பார். 'மழை பெய்தாலும் சேய்ஷோகோ சான், வெயில் அடித்தாலும் சேய்ஷோகோ சான் என்பாயே, அந்தச் சேறு யாருடையது?' என்று அவர் தன் அம்மாவைக் கேட்டாராம். அம்மா சிரித்துவிட்டு, 'அது அசோவுடையது, வாளியை எடு' என்றாராம்.

முதல் குறிப்பில் ஆற்றை நேராக்கியதைப் புகழ்ந்தேன். அதைத் திருத்தாவிட்டாலும் பக்கத்தில் இதை வைக்க வேண்டும். ஷிராகாவாவின் வடிவமே விசித்திரம். தலைப்பிரட்டை மாதிரி, நீர்பிடிப்பில் ஐந்தில் நாலு பங்கு அசோ எரிமலைக் கிண்ணத்துக்குள்ளே. அங்கே பெய்கிறதெல்லாம் ஒரே ஒரு வாசல் வழியாக, ஒல்லியான வால் வழியாக, ஊருக்கு வருகிறது. அந்த வாலின் ஓரத்தில்தான் நகர மையம். வளைந்த ஆறு மெதுவாகப் பரவும். நேராக்கிய ஆறு வேகமாக வரும், நிரம்பினால் நம் வாசலில் நிற்கும். 2012 ஜூலையிலும் வந்தது. கியோமசா தரை எடுத்த இடத்துக்கான விலையை 400 வருடமாகத் தவணை முறையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வருடம்தான் மேலே அசோ வாசலில் தாதேனோ அணை வேலைக்கு வந்தது. சாதாரண நாளில் தண்ணீர் தேக்காத அணை. அடியில் துளைகள், ஆறு அப்படியே போகும், பெருவெள்ளத்தில் மட்டும் துளைக்குள் அடங்காதது பின்னால் நிற்கும். குறுக்குச் சுவர், அடியில் துளை. ஹானாகுரியைப் பார்த்தவருக்கு அந்த வரைபடம் புதிதாகத் தெரியாது.

2024 ஜூலை 7

கோட்டை இல்லாமல்கூட அவரை நினைக்க ஒரு காரணம் இருக்கிறது, என் வீட்டுக் குழாய்.

குமாமோட்டோ நகரத்தில் 7 லட்சத்து 40 ஆயிரம் பேர். குழாயில் வருவது முழுக்க நிலத்தடி நீர். ஆற்று நீர் ஒரு சொட்டுக் கிடையாது. இங்கே வந்த முதல் வாரம் பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா பார்த்து வருத்தப்பட்டு, ஒரு டம்ளர் குழாயிலிருந்து பிடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு வாங்கவில்லை.

இந்த நீர் எங்கிருந்து ஊறுகிறது? அசோ மழை ஒரு பங்கு. இன்னொரு பெரிய பங்கு ஷிராகாவாவின் நடுப்பகுதி வயல்கள், ஓஸுவும் கிகுயோவும் சேர்ந்த பகுதி. அங்கே மண் எரிமலைச் சாம்பல். தண்ணீர் கட்டினால் நிற்காது, சாதாரண வயலைவிட ஐந்து முதல் பத்து மடங்கு உறிஞ்சும். ஜாரு தா என்பார்கள், சல்லடை வயல். விவசாயிக்கு எரிச்சலான மண். ஆனால் கியோமசா காலத்தில் கால்வாய் வெட்டி அங்கே நெல் போட ஆரம்பித்ததிலிருந்து அந்தச் சல்லடை வழியாக இறங்கினது கீழே பாறை இடுக்குகளில் சேர்ந்து, நகரத்துக்கு ஊற்றாக வருகிறது. இது அவர் திட்டமிட்டது இல்லை. அவருக்கு வேண்டியது அரிசி. 400 வருடம் கழித்து டம்ளரில் வருவது கூடுதலாக விழுந்தது.

நெல் பரப்பு குறைய, ஊற்றும் குறைந்தது. அதனால் 2004 முதல் நகராட்சி அந்த விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கிறது, நெல் இல்லாத வயலிலும் கொஞ்ச காலம் தண்ணீர் கட்டி வைக்கச் சொல்லி. கீழே குடிப்பவர்கள் மேலே தண்ணீர் கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! 2013-இல் ஐ.நா. இதற்கு விருதும் கொடுத்தது.

இப்போது அதே கிகுயோவில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலை. இந்த பிப்ரவரியில் திறப்பு விழா நடந்தது. சிப் கழுவ நல்ல தண்ணீர் நிறைய வேண்டும், இந்த நிலத்தடி நீர்தான். எடுப்பதைவிடக் குறையாமல் வயல்வழி நிலத்துக்குள் திருப்பிவிடுவதாக ஒப்பந்தம். நல்லது. ஆனால் ஆலையைச் சுற்றி வயல் விலை ஏறுகிறது, குடியிருப்பும் கிடங்கும் வருகின்றன. தண்ணீர் கட்ட வயல் இருந்தால்தானே கட்ட முடியும்? நான் பார்க்கும் வடிகால் வேலையில் பாதி, நேற்றுவரை சல்லடை வயலாக இருந்த இடத்தில் தார் போட்டபிறகு மழைநீர் எங்கே போவது என்பதுதான். அந்த வரைபடங்களில் கையெழுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறேன். உறிஞ்சு குழிகள் வைக்கச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன், சிலர் கேட்கிறார்கள்.

2024 ஜூலை 9

நேற்று ஒரு வாசகர்: 'அப்படியானால் ஏஸு ஏரியும் அவர் கட்டியதா?' ஏரி அவர் வெட்டியது இல்லை. ஊற்றுகள் பொங்கிச் சதுப்பாக இருந்த இடத்தில் அவர் காலத்தில் ஒரு நீளக் கரை போட்டார்கள், கரைக்குப் பின்னால் நீர் தேங்கி ஏரி ஆயிற்று. இன்றும் நாளுக்கு ஏறத்தாழ 4 லட்சம் டன் ஊறுகிறது. 2016-இல் நகரம் முழுக்கக் குழாய் நின்றபோது ஜனங்கள் ஊற்றும் கிணறும் தேடித்தான் ஓடினார்கள்.

எது நல்லதோ அதெல்லாம் கியோமசா செய்தது என்று சொல்லும் வழக்கம் இங்கே உண்டு. அவருக்குப் பிறகு மகன் தாதாஹிரோ, 1632-இல் அவரை நீக்கிவிட்டு வந்த ஹோசோகாவா வம்சம், இவர்கள் செய்ததும் கியோமசா கணக்கில் ஏறியிருக்கிறது. போரில்லாமல் அவருக்குக் கிடைத்தது மொத்தமே 1600-க்குப் பிறகு பத்துப் பதினொரு வருடம்.

2024 ஜூலை 13

தெருக்களை மறந்தேவிட்டேன், கேள்வியே ஊரைப் பற்றியது.

ஃபுருமாச்சி போனால் தெரியும். சதுரம் சதுரமாகத் தெருக்கள், ஒரு பக்கம் 120 மீட்டர் போல. ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு கோயில், சுற்றி நாலு பக்கமும் வியாபாரிகள் வீடு. ஒரு தெருவுக்கு ஒரு கோயில் என்று கணக்கு. சண்டை வந்தால் கோயில் மதிலும் முற்றமும் படை நிற்க உதவும், மற்ற நாளில் கோயில். தெருப் பெயர்களில் இன்னும் தொழில் இருக்கிறது: கொல்லர் தெரு, சாயக்காரர் தெரு, அரிசிக்காரர் தெரு, துணிக்காரர் தெரு. சாயக்காரர் தெருவில் ஒரு சாயக்காரரும் இல்லை. காபிக் கடை ஒன்று இருக்கிறது, நீல நிறத் திரை போட்டிருக்கிறார்கள்.

ஊரின் பெயரையும் எழுத்தில் மாற்றினார். முன்பு குமாமோட்டோவின் 'குமா'வுக்கு எழுதின எழுத்துக்குள் 'அஞ்சு' என்று பொருள்படும் பகுதி ஒளிந்திருந்தது. 1607-இல் அதை எடுத்துவிட்டுக் கரடி என்ற எழுத்தைப் போட்டார். உச்சரிப்பு அதே.

2024 ஜூலை 24

நேற்று இரவு தோன்ஷா. கியோமசா நினைவு நாளுக்கு முந்திய இரவு, ஹோன்ம்யோஜியில் விடிய விடிய சூத்திரம் நகலெழுதும் சடங்கு. 176 படி, இரண்டு பக்கமும் கல் விளக்கு. படிக்குப் பெயரே நெஞ்சு முட்டும் படி. வீட்டுக்கார அம்மா 77 வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஏறினார். மேலே சமாதி. கோட்டையின் உச்சி உயரத்துக்குச் சமமாகத் தன்னை வைக்கச் சொன்னார் என்பார்கள்.

1877-இல் அரசை எதிர்த்துக் கிளர்ந்த சைகோ தகாமோரியின் படை இந்தக் கோட்டையை 50 நாளுக்கு மேல் முற்றுகையிட்டும் உள்ளே வர முடியவில்லை. முற்றுகைக்குச் சற்று முன்னால் உச்சிக் கட்டடம் எரிந்து போயிருந்தது, ஆனால் சுவர் இருந்தது, கிணறு இருந்தது. நான் தோற்றது அரசிடம் இல்லை, கியோமசாவிடம் என்று சைகோ சொன்னதாக நேற்றும் வரிசையில் ஒரு தாத்தா சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே நின்றவர்களில் பெரும்பாலோர் கட்டாயப் படைக்கு எடுக்கப்பட்ட விவசாயிப் பையன்கள். கிணற்றுத் தண்ணீர் அவர்கள் தாகத்துக்கு ஆயிற்று, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கீழே இறங்கும்போது கிம் ஹ்வான் கல்லறைக்கும் ஒரு ஊதுபத்தி வைத்தோம். அம்மாதான் கேட்டார், 'அவருக்கும் வைத்தாயா?' என்று.

2024 ஆகஸ்ட் 4

கோட்டைக்குப் போனேன். உதோ காவல் கட்டடத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், மேலே பெரிய கூடாரம். 1877-இல் எரியாமல் தப்பி, 2016-இலும் ஐந்தடுக்கு அப்படியே நின்றது. பக்கத்தில் ஒட்டின நீளக்கட்டு மட்டும் விழுந்தது. திறந்த மைதானத்தில் விழுந்த கற்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் வெள்ளை எண். பழைய படங்களோடு ஒப்பிட்டு எந்தக் கல் எந்த இடம் என்று கண்டுபிடித்து அதே இடத்தில் வைக்கிறார்கள். முழுதும் முடிய 2052 ஆகும் என்கிறது இப்போதைய திட்டம். சுவரடியில் வேலை செய்த இளைஞரிடம், முடிக்கும்போது உங்களுக்கு என்ன வயது இருக்கும் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, '51' என்றார். ஒரு கல்லைச் சுற்றிக் கயிறு போட்டார்கள். மேலே ஏறியது, பொருந்தவில்லை, இறக்கினார்கள். கொஞ்சம் திருப்பி மறுபடி ஏற்றினார்கள்.